கழுதை படுத்திருந்த காது

போன மாதம் எங்கள் பழைய சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து தர்சினி போன் எடுத்தாள். நான் ஓய்வு பெறுகிற நேரம் புதிதாக வந்து சேர்ந்த தாதி அவள்.

"அண்ணை, புது மெஷின் ஒண்டு வந்திருக்கு. காது ஒப்பரேஷன் நடக்கேக்க முகநரம்பில கை பட்டால் அதுவே கீக்கீ எண்டு கத்துது. இது வாறதுக்கு முதல் என்ன செய்தனீங்கள்?"

"அதுக்கு முதல் நான்தான் பிள்ளை மெஷின்."

அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. என் உத்தியோக வாழ்க்கையின் பெரும்பகுதியில் நான் செய்த வேலை அதுதான். முகத்தை அசைக்கும் நரம்பைக் கடவுள் முகத்தின் வழியாகவே கொண்டுபோயிருக்கலாம். அவரோ அதைக் காதுக்குள்ளால் கொண்டுபோய், பிறகு முகத்துக்குத் திருப்பியிருக்கிறார். ஏன் இப்படி என்று எங்கள் பங்குத்தந்தையிடம் ஒருமுறை கேட்டேன். "டொக்டர்மாருக்குக் கொஞ்சம் தாழ்மை வரட்டும் எண்டுதான்" என்றார்.

ஆகவே காதுக்குள் கத்தி போகும்போதெல்லாம் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நோயாளியின் தலையை மூடிய பச்சைத் துணிக்குக் கீழே, ஒரு கட்டைக் கதிரையில் நான் குனிந்து உட்கார்ந்திருப்பேன். ஒரு கை நோயாளியின் கன்னத்தில் இருக்கும். கண் வாய்க்கோடியிலும் புருவத்திலும் இருக்கும். முகம் துடித்தால் "ஆடுது" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது. அதிலும் ஒரு சட்டம் உண்டு. இரண்டு பக்கமும் ஆடினால் நோயாளி எழும்பப் பார்க்கிறார், அது மயக்க மருந்து டொக்டரின் பாடு. ஒரு பக்கம் மட்டும் ஆடினால் நரம்பில் கை பட்டிருக்கிறது, அது எங்கள் பாடு.

தாதிப் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கட்டில் விரிக்கப் பழகினேன். ஊசி போடப் பழகினேன். "மிஸ்" என்று நோயாளிகள் கூப்பிட்டால் மீசையோடு திரும்பிப் பார்க்கவும் பழகினேன்.

இந்த வேலை என் முகத்தைக் கெடுத்துவிட்டது. ஒப்பரேஷன் முடிந்ததும் நோயாளியிடம் புருவத்தைத் தூக்கச் சொல்ல வேண்டும், கண்ணை இறுக்கி மூடச் சொல்ல வேண்டும், பல்லைக் காட்டச் சொல்ல வேண்டும். மயக்கம் தெளியாத மனிதருக்குச் சொன்னால் விளங்காது, செய்து காட்டினால்தான் விளங்கும். நானும் செய்து காட்டிக் காட்டி, இப்போது எனக்கு முன்னால் யாராவது புருவத்தைத் தூக்கினால் என் புருவமும் சேர்ந்து எழும்பிவிடுகிறது. "உங்கட முகம் ஒரு நிமிஷம் சும்மா இராதோ?" என்பது என் மனைவி கலியாண நாளிலிருந்து கேட்டுவரும் கேள்வி.

கண்ணும் கெட்டுவிட்டது. ஒரு ஞாயிறு பள்ளிமுனைக் கோயிலில் பூசை நடக்கிறது. பிரசங்கத்தில் நரகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த பங்குத்தந்தைக்கு இடது கன்னம் ஒருதரம் வெட்டி இழுத்தது. பாவம், பல்லுக்குத்து. நான் என்னை அறியாமல், சத்திரசிகிச்சைக் கூடத்தில் சொல்கிற அதே சத்தத்தில், "ஆடுது!" என்றேன். முன்வாங்கிலிருந்த இரண்டு பேர் கூரையைப் பார்த்தார்கள். ஒரு பெண்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினா. அன்றிலிருந்து ஊரில் எனக்கு 'ஆடுது அண்ணை' என்று பெயர்.

நாங்கள் 'சேர்' என்று கூப்பிடும் எங்கள் பெரிய டொக்டருக்கும் ஒரு பெயர் இருந்தது. 'மெதுவா டொக்டர்.' நடப்பதும் மெதுவாக, வெட்டுவதும் மெதுவாக. பேசுவதோ, பக்கத்தில் நிற்கிறவருக்கே பாதிதான் கேட்கும். காது வைத்தியர் ஒருவர் இப்படிப் பேசுவது கேள்வித்திறனைச் சோதிப்பதற்காகத்தான் என்று சிலர் நம்பினார்கள். கோபம் வந்தால் அவர் குரலை உயர்த்த மாட்டார், மரியாதையை உயர்த்துவார். சாதாரணமாக 'நீங்கள்.' பிழை நடந்தால் 'தாங்கள்.' பெரும்பிழை என்றால் 'ஐயா.' நான் வேலைக்கு வந்த புதிதில் தவறான கருவி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, தாங்கள் தந்தது அருமையான கருவி. மூக்குக்கு." அதற்குப் பிறகு பத்துப் பேர் சேர்ந்து திட்டினாலும் எனக்கு உறைக்கவில்லை.

இனிச் சூசைக்கு வருகிறேன்.

சூசை, அரிப்பு என்ற கடற்கரை ஊரில் மீன் வியாபாரி. கரையில் ஏலத்தில் மீன் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவன். பிறந்ததிலிருந்து இரண்டு காதும் மந்தம். ஆனால் வெளியில் பார்த்தால் படத்தில் வரைந்தது போன்ற அழகான காது. கோளாறு முழுக்க உள்ளே, சவ்வுக்குப் பின்னாலுள்ள நடுக்காதில். அதனால் அவனை ஊர் செவிடன் என்று சொன்னதே கிடையாது. மண்டைக்கனம் பிடித்தவன் என்றுதான் சொன்னது. அவனும் அதை மறுக்கவில்லை. செவிடனிடம் விலை பேச வருகிறவன் ஏமாற்றப் பார்ப்பான், மண்டைக்கனம் பிடித்தவனிடம் வருகிறவன் பயந்துகொண்டு வருவான். காதுக்கு மெஷின் போடச் சொன்னதற்கு அவன் மறுத்த காரணமும் அதுதான்.

அவனைக் கூட்டிக்கொண்டு வந்தது மனைவி மெற்றில்டா.

"இவருக்குக் கேக்கோணும் டொக்டர். எனக்குத் தொண்டை போச்சு. சோறு போட்டிருக்கு எண்டு நான் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் கை கழுவினம்."

சூசை அவவுடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "இவ சொல்லுறது விளங்கும் சேர். முன்னுக்கு நிண்டு ஆர் கதைச்சாலும் உதட்டைப் பாத்துப் பிடிச்சிடுவன். எனக்கு முதுகுக்குப் பின்னால கதைக்கிறதுதான் கேக்கோணும்."

"என்ன கதைக்கினம்?" என்றேன்.

"அதைக் கேக்கத்தானே அண்ணை வந்தனான்."

சேர் விளக்கத் தொடங்கினார். சூசையின் முகத்தில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது. குரல் கேட்காதது அவனுக்குப் புதிதல்ல. ஆனால் சேர் பேசும்போது உதடும் அசையாது. அவனால் வாசிக்க முடியாத முதல் உதடு அது. ஆகவே சேர் சொல்லச் சொல்ல, நான் பக்கத்தில் நின்று உதட்டால் திருப்பிச் சொன்னேன். ஒருவர் கேட்காத குரலில் பேச, இன்னொருவர் குரலே இல்லாமல் பேச, மெற்றில்டா மட்டும் புருஷன் சார்பில் மூன்று வார்டுக்குக் கேட்க "ஓம், ஓம்" சொல்லிக்கொண்டிருந்தா.

காதுக்குள் மூன்று சின்ன எலும்புகள் உண்டு. கடைசி எலும்பு ஒரு சின்ன யன்னலில் பொருந்தி ஆடினால்தான் சத்தம் உள்ளே போகும். சூசைக்கு அது ஆடவில்லை. முதலில் வலது காதில் அந்த யன்னலைச் சீர்செய்தால் கேட்கலாம். ஆனால் இப்படிப் பிறவியிலேயே கோணிய காதுகளில் முகநரம்பும் தன் பாதையில் போகும் என்று சொல்ல முடியாது. எலும்புக் குழாய்க்குள் மறைந்து போக வேண்டியது, மூடியில்லாமல் வெளியே வந்து கிடக்கலாம். உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். இவ்வளவையும் நான் உதட்டால் சொல்லி முடித்தபோது சூசைக்கு 'நரம்பு' என்ற ஒரு சொல்தான் போய்ச் சேர்ந்திருந்தது.

சேர் ஒரு தாளை எடுத்து வீதி ஒன்றை வரைந்தார். வீதிக்குக் குறுக்கே நாலு கால், இரண்டு நீளக் காது. மன்னார்க்காரனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? எங்கள் தீவில் கழுதைகள் நடுவீதியில் படுத்திருக்கும், பஸ்தான் வளைந்து போக வேண்டும்.

"கழுதை ஓரத்தில நிண்டால் நான் போவன். குறுக்க படுத்திருந்தால் போக மாட்டன்."

"தள்ளிப்போட்டுப் போக ஏலாதோ சேர்?"

"தள்ளலாம். உதைச்சால் உங்கட வலது பக்க முகம் விழுந்திடும்."

சூசையின் கை தானாக வலது புருவத்துக்குப் போனது. அரிப்பு ஏலத்தில் பெரிய வியாபாரிகள் வாயால் கேட்பதில்லை. வாயால் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவன் போட்டிக்கு ஏற்றுவான். ஏலம் கூறுகிறவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒருவர் மூக்கைச் சொறிவார், இன்னொருவர் பல்லைக் கடிப்பார். சூசைக்கு வலது புருவம். புருவம் எழும்பினால் விலை எழும்பும். அப்படித் தூக்கிக் கேட்டுவிட்டால் பிறகு இல்லை என்று சொல்ல முடியாது. கரைச் சட்டம் அது.

"காது இல்லாமல் இவ்வளவு காலம் பிழைச்சிட்டன்," என்றான். "முகம் போனால் என்னத்தைக் கொண்டு மீன் வாங்கிறது? கழுதை படுத்திருந்தால் திரும்பி வருவீங்களோ?"

"வருவன்."

"அப்ப புருவத்தைத் தூக்குங்கோ."

சேர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அந்தப் பெரிய மனுஷன் மூக்குக்கண்ணாடிக்கு மேலால், மிக மெதுவாக, ஒரு புருவத்தைத் தூக்கினார்.

ஒப்பரேஷன் அன்று காலையில் சூசையை மயக்கி, வலது காதுக்குப் பின்னால் மரத்துப்போகும் ஊசியும் போட்டு, காதுச் சவ்வை ஒரு ஓரமாக மடக்கி, நுணுக்குக்காட்டிக்குள்ளால் சேர் உள்ளே போனார். நான் துணிக்குக் கீழே. எனக்குத் தெரிந்ததெல்லாம் சூசையின் முகம். மற்றதெல்லாம் மேலேயிருந்து வரும் முணுமுணுப்பு. இரண்டாவது எலும்பு கட்டை. மூன்றாவது எலும்புக்கு இருக்க வேண்டிய இரண்டு காலில் ஒன்றைக் காணவில்லை. யன்னலை மூடி இளஞ்சிவப்பில் ஏதோ ஒரு தசை மடிப்பு. அதை ஒதுக்கிப் பார்க்க ஒரு சின்னப் பஞ்சுத் துணுக்கால் மெல்லத் தொட்டிருக்கிறார்.

வாய்க்கோடி இழுத்தது.

"ஆடுது சேர்."

"எங்க?"

"வாய்க்கோடி. வலது."

"மற்றப் பக்கம்?"

"சும்மா கிடக்கு."

 மேலே கருவி தட்டில் வைக்கப்படும் ஒலி கேட்டது. பிறகு சேர் ஒரே ஒரு சொல் சொன்னார்.

"கழுதை."

மடிப்பு என்று நினைத்தது மடிப்பல்ல. முகநரம்பேதான். எலும்பு மூடியில்லாமல், வெறும் மேனியாக, யன்னலுக்குக் குறுக்கே நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறது. நானும் துணியை விலக்கிச் சுவரிலிருந்த திரையில் பார்த்தேன். கழுதைக்கு எவ்வளவு நிம்மதி!

மயக்க மருந்து டொக்டர் இளம் பொடியன், கெட்டிக்காரன். "சேர், இவ்வளவு தூரம் வந்திட்டம். நரம்பைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தால ஒரு துளை போடலாமே?" என்றார்.

"தாங்கள் சொல்லுறது நடக்கக்கூடியதுதான்."

'தாங்கள்' என்றதும் கருவி கொடுக்கிற தாதி ஒரு அடி பின்னால் போனா. ஆனால் சேர் கோபத்தில் சொல்லவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். அவருக்கு அது முடியும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். பத்தில் ஒன்பது தரம் சரியாக வரும். அந்த ஒன்பதை அவருடைய விரல்கள் எண்ணிக்கொண்டிருந்த மாதிரி மடியில் அசைந்தன.

"ஆடுது!" என்றேன் நான்.

"நான் தொடேல்லையே!"

"புருவம் சேர். ரெண்டு பக்கமும்."

மயக்க மருந்து டொக்டர் தன் பெட்டிக்குப் பாய்ந்து எதையோ திருகினார். சூசை எழும்பப் பார்த்திருக்கிறான். மயக்கத்திலும் ஆள் ஏலத்தில் நிற்கிறான்.

சேர் துணியை விலக்கி அந்தப் புருவத்தை ஒருதரம் பார்த்தார். "நானும் தூக்கினனான்தானே," என்றார். சவ்வைத் திரும்ப விரித்து மூடத் தொடங்கினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் சூசை கண் விழித்ததும் நான் புருவத்தைத் தூக்கிக் காட்டினேன். அவனும் தூக்கினான். இடது எழும்பியது, வலது கிடந்த இடத்தில் கிடந்தது. பல்லைக் காட்டினேன். அவனுடைய வாய் இடது பக்கமாக இழுபட்டுப் போனது. வலது கண் முழுதாக மூடவில்லை.

சட்டென்று என் மாஸ்க்கை இழுத்து மூக்குக்கு மேலே விட்டேன்.

"மாஸ்க்கைக் கழட்டுங்கோ அண்ணை," என்றான் குழறலாக. "உங்கட முகத்தை வாசிக்கோணும்."

முகம் வாசித்துப் பிழைக்கிறவனிடம் முகத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? கழட்டினேன். வாசித்தான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சேர் கை கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றார். சுவர்க் கண்ணாடியைப் பார்த்து மெதுவாகச் சொல்வது கேட்டது: "ஐயா, தாங்கள் ஏன் அந்த மடிப்பைத் தொட்டனீங்கள்?" அவர் தனக்கே 'ஐயா' போட்டதை அன்றுதான் கேட்டேன்.

பிறகு என்னிடம் சொன்னார். காதுக்குப் பின்னால் போட்ட மரத்துப்போகும் ஊசி சில வேளை பிந்தி, மெல்ல மெல்ல நரம்பு வரை ஊறிப் போய் அதையும் உறங்க வைக்கும். அப்படியென்றால் சில மணித்தியாலத்தில் தெளிந்துவிடும். பஞ்சு பட்டதால் என்றால் எப்போது என்று சொல்ல முடியாது. "எது சேர்?" என்றேன். "எனக்குத் தெரிஞ்சால் நான் சாப்பிடப் போயிருக்க மாட்டனோ?" என்றார். சூசையின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மெற்றில்டாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னோம். அவவுக்கு அன்று முதன்முறையாகச் சத்தமே வரவில்லை. வெளியே வாங்கில் உட்கார்ந்து, புட்டுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு செபமாலை உருட்டத் தொடங்கினா.

பின்னேரம் ஆனது. நான் போய்ப் போய்ச் சூசையின் தோளில் தட்டினேன். புருவத்தைத் தூக்கிக் காட்டினேன். கண்ணை மூடிக் காட்டினேன். அவன் பார்க்கவே இல்லை. பார்க்க மாட்டான் என்றால் தெளிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? எனக்கு ஆத்திரம் வந்தது. அலுமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தேன். அதில் ஒரு பெரிய பஞ்சு உருளையை நீட்டி வைத்தேன். கட்டிலின் மற்றப் பக்கம் போய், அவன் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

"பாரை மீன்! இப்பதான் கரைக்கு வந்தது! கேளுங்கோ!"

சூசை என் உதட்டைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். கண்ணை மூடப் போனான். நான் விலையைச் சொன்னேன். மீனவன் பிள்ளையாகப் பிறந்தும் வாழ்க்கையில் ஒருநாளும் ஏலம் கூறாதவன் நான். நான் சொன்ன விலைக்குப் பாரையின் செதில் கூட வராது. மூடப்போன கண் திரும்பத் திறந்தது.

அப்போது, பக்கத்திலிருந்த கதிரையில், எங்கள் பெரிய டொக்டர் புருவத்தைத் தூக்கினார்.

"சேர் கேட்டிட்டார்!" என்றேன். "ஒரு தரம்!"

சூசை தலையைத் திருப்பிச் சேரைப் பார்த்தான். ஒரு முழுப் பாரையை அந்த விலைக்கு ஒரு டொக்டர் கொண்டுபோகப் போகிறார்.

"ரெண்டு தரம்!"

கட்டுத் துணிக்குக் கீழே ஏதோ ஊர்ந்தது. நான் துணியை விரலால் மேலே தள்ளினேன். வலது புருவத்தின் ஓரம் நடுங்கியது. நின்றது. திரும்ப நடுங்கியது. பிறகு, பழைய மோட்டார் வள்ளம் இழுத்து இழுத்து ஸ்ரார்ட் எடுக்கிற மாதிரி, முழுதாக எழும்பி நெற்றியில் நின்றது.

"மூண்டு தரம்!"

கத்தியது நான் இல்லை. மெதுவா டொக்டர். எழும்பி நின்று, கையைத் தட்டி, வார்டு முழுக்க அதிரக் கத்தினார். மெற்றில்டா செபமாலையோடு உள்ளே ஓடி வந்து, "ஆர் செத்தது?" என்று கேட்டா.

சூசை சேரை வியப்போடு பார்த்தான். காதில் பஞ்சு, தலையில் கட்டு. இருந்தும் அது அவனுக்குக் கேட்டிருக்கிறது.

"சேர், உங்களுக்குக் குரல் இருக்கோ!" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணை, நீங்கள் மீன் விக்கப் போயிடாதேங்கோ" என்றான்.

அன்று இரவுக்குள் கண்ணும் வாயும் சரியாக வந்துவிட்டன. காது மட்டும் போன மாதிரியே திரும்பி வந்தது. உள்ளே நடந்ததையெல்லாம், நான் "ஆடுது" என்று கத்தியது உட்பட, அடுத்த நாள் அவனுக்கு உதட்டால் சொன்னேன். கழுதை படுத்திருந்த விதத்தைத் தாளில் வரைந்தும் காட்டினேன். தாளைக் கொண்டுபோய்விட்டான். தன்னைத் தலையில் கட்டோடு ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது, இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று சொல்லிக் காதுக்கு மெஷினும் போட்டுக்கொண்டான். மெஷினோடும் சேர் கதைப்பது அவனுக்குக் கேட்கவில்லை. அது மெஷினின் பிழை அல்ல.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அரிப்புக்குப் போனேன். கரையில் ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. சூசை ஓடி வந்து கையைப் பிடித்தான்.

"இப்ப முதுகுக்குப் பின்னால கதைக்கிறது கேக்குதோ?"

"கேக்குது அண்ணை."

"என்ன கதைக்கினம்?"

முகம் கொஞ்சம் வாடியது. "மீன் விலைதான் கதைக்கினம். ஐஸ் விலை. டீசல் விலை. இவ்வளவு காலமும் என்னைப் பற்றித்தான் எண்டு நினைச்சிருந்தன். ஒரு நாய்கூட என்னைப் பற்றிக் கதைக்கிறதில்லை."

அவனைத் தேற்ற வழி யோசிப்பதற்குள் ஏலக்காரர் ஒரு பெரிய திருக்கையை மணலில் இழுத்துப் போட்டார். சூசை தன் இடத்துக்குப் போய் நின்றான். நான் எதிர்ப்பக்கம் நின்றேன். பழக்கதோஷம், கண் அவனுடைய வலது புருவத்தில் போய் உட்கார்ந்தது. நான் பாதுகாத்துக் கொடுத்த புருவம் என்று ஒரு சின்னப் பெருமை வேறு. புருவம் எழும்பியது. என்ன அழகு! சேர் கைவேலை எதையும் செய்யாமல் விட்டதால் வந்த அழகு. விலை ஏறியது. திரும்ப எழும்பியது. ஏறியது. மூன்றாம் முறை அவன் தூக்கவில்லை. ஆனாலும் ஏலக்காரர் "ஒரு தரம், ரெண்டு தரம், மூண்டு தரம்" என்று முடித்துவிட்டு நேரே என்னைப் பார்த்தார்.

சூசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் குந்திவிட்டான். என் முகத்தை நோக்கி விரலை நீட்டி, கரை முழுக்கக் கேட்கக் கத்தினான்:

"ஆடுது! அண்ணை, ஆடுது! ஒரு பக்கம்!"

புருவம் தூக்கினால் தூக்கினதுதான். கரைச் சட்டம். பஸ்ஸில் திருக்கையின் வால் எனக்குப் பின்னால் மூன்று சீட் வரை போனது. வீட்டு வாசலில் என் மனைவி திருக்கையைப் பார்த்தா, என் முகத்தைப் பார்த்தா, பெரிய சட்டியை எடுக்க உள்ளே போனா.

தர்சினிக்கு இதையெல்லாம் போனில் சொல்லி முடித்தபோது அவளுக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது.

"அப்ப அண்ணை, மெஷின் நல்லதோ, கூடாதோ?"

"நல்லது பிள்ளை. நல்லாப் பாவியுங்கோ. அது முகத்தைப் பார்த்தால் பார்த்ததோட நிக்கும், திருக்கை வாங்கிக்கொண்டு வராது."